130 பேர் உட்காரும் ஹால், 11 பேர் உட்காரும் அறை: ஒரே நிரலாக்கப் பாடத்தை எப்படி நடத்துவது?

ஹார்பர் லைன் டீச்சர்:

வணக்கம். நவி மும்பையில் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் கற்றுக்கொடுக்கிறேன். அறைத் தட்டுப்பாட்டினால் இரண்டு டிவிஷன்களைச் சேர்த்து ஒரே ஹாலில் உட்காரவைத்துவிட்டார்கள். பதிவேட்டில் 130 பெயர். ஞாயிறு காலையில் தாராவியில், 90 அடிச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், தையல் கடைக்கு மேலே இருக்கும் அறையில், எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கும் 11 பிள்ளைகளுக்கு அதே பாடம். இரண்டு இடத்திலும் பைத்தான் என்ற நிரல்மொழிதான்.

என் சிக்கல் இதுதான். தாராவியில் நன்றாக நடக்கும் ஒரு காரியத்தைக் கல்லூரிக்குக் கொண்டுபோனால் படுத்துவிடுகிறது. கல்லூரிக்கென்று படித்துவைத்ததைத் தாராவிக்குக் கொண்டுவந்தால் அதுவும் படுத்துவிடுகிறது.

முதலில் தாள் கதை. ஒரு சின்ன நிரலை வரிவரியாக வெட்டிக் கலைத்துக் கொடுத்து, சரியான வரிசையில் அடுக்கச் சொல்வேன். லேப்டாப் நான்குதான் இருக்கிறது. அதனால் வந்த பழக்கம். பிள்ளைகள் தரையில் குனிந்து, ஒருவர் கையை ஒருவர் தட்டிவிட்டு அடுக்குவார்கள். மின்விசிறியை நிறுத்தினால் வேர்க்கிறது, போட்டால் வரிகள் பறக்கின்றன. இப்போது வரிக்கு இரண்டு புளியங்கொட்டை என்று ஏற்பாடு.

இதைக் கல்லூரியில் செய்ய ஆசைப்பட்டு இரவு பதினொன்றரை வரை உட்கார்ந்து 44 உறைகள் தயாரித்தேன், பெஞ்சுக்கு ஒன்று. அந்த ஹாலில் மேசைப் பலகை சாய்வாக இருக்கும் என்பது எனக்கு அப்போது நினைவில்லை. அடுக்க அடுக்க வழுக்கிக் கீழே விழுந்தது. கடைசி வரிசையிலிருந்து ஓர் உறை பிரிக்காமலேயே திரும்பி வந்தது. மறுநாள் ஹாலைப் பெருக்கும் அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

சரி, தாள் வேண்டாம், ‘பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள்’ என்றேன். பெஞ்சுக்கு மூன்று பேர். இரண்டு பேர் பேசினார்கள், மூன்றாமவர் செல்பேசியைப் பார்த்தார். சத்தம் கேட்டுத் துறைத் தலைவர் வாசலில் வந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை, நின்றார். அடுத்து செல்பேசியில் வாக்கெடுப்பு. தரைத்தளத்து ஹாலில் இணையம் கிடைப்பதே அரிது. 130 பேரில் 19 பேருடைய பதில்தான் வந்துசேர்ந்தது.

தாராவியில் நடந்தது இதற்கு நேர்மாறு. விடை ஒன்று என்பவர்கள் கை தூக்குங்கள், இரண்டு என்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன். பத்தாவது படிக்கும் ஒரு பெண் நன்றாகச் செய்வாள். பத்துப் பேரும் அவள் கை எப்போது எழும்பும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தவறாகத் தூக்கியபோதும் மொத்த அறையும் தூக்கியது.

கொள்கை விளக்கம் வேண்டாம், நிறையப் படித்துவிட்டேன். எத்தனை பேருக்கு எது எடுபடும், எத்தனை நிமிடம், யாரும் வாய் திறக்காவிட்டால் என்ன செய்வது என்று கைப்பட்ட அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சயான் வாத்தியார்:

டீச்சர், உங்கள் 44 உறைகளைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். நானும் ஒரு காலத்தில் வெட்டியவன்தான். அந்தத் தாள் விளையாட்டுக்குப் பார்சன்ஸ் புதிர் என்று பெயர். நியூசிலாந்தில் டேல் பார்சன்ஸ், பட்ரிசியா ஹேடன் என்ற இருவர் 2006-இல் அதைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் செய்தது கணினித் திரையில் இழுத்து வைக்கும் வகை. தரையில் புளியங்கொட்டையோடு செய்வது உங்கள் கண்டுபிடிப்பு.

பெரிய ஹாலுக்கு அது ஆகாது. காரணம் சாய்வு மேசை மட்டும் இல்லை. பதினோரு பேர் அடுக்கும்போது யார் எந்த வரியை எங்கே வைத்துத் தடுமாறினார்கள் என்று நீங்கள் நடந்து பார்க்கிறீர்கள். அந்த விளையாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. 44 பெஞ்சுகளில் உங்களால் எதைப் பார்க்க முடியும்? அங்கே பிள்ளையின் தவறைப் பக்கத்துப் பிள்ளைதான் கேட்க வேண்டும். நீங்கள் கேட்க முடியாது. அதற்கேற்ற கேள்வியாக இருக்க வேண்டும்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்தில் தன் பெரிய வகுப்பில் பழக்கிய முறை இதற்குப் பொருந்தும். நான் செய்தவிதத்தைச் சொல்கிறேன். பலகையில் நான்கு வரி எழுதுவேன். இதில் = என்றால் வலப்பக்கத்து மதிப்பை இடப்பக்கத்துப் பெயரில் போடு என்று பொருள்.

அ = 5
ஆ = 7
அ = ஆ
ஆ = அ

கடைசியில் அ எவ்வளவு, ஆ எவ்வளவு? ஒன்று: 7, 5. இரண்டு: 7, 7. மூன்று: 5, 7. நான்கு: இது ஓடாது, பிழை காட்டும். சரியானது இரண்டு: மூன்றாவது வரியில் அ 7 ஆனதும் பழைய 5 போய்விடுகிறது.

ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் விரல் காட்ட வேண்டும், கையை நெஞ்சோடு ஒட்டி. தலைக்கு மேலே தூக்கினால் பின்பெஞ்சு பார்த்துக் காட்டும். நெஞ்சருகே வைத்தால் உங்களுக்கு மட்டும் தெரியும். 130 விரல்களை எண்ணாதீர்கள். முன்வரிசையில் ஒரு பகுதி, நடுவில் ஒரு பகுதி, கடைசியில் ஒரு பகுதி பாருங்கள், போதும். சரியான விடை நூற்றுக்கு எழுபதுக்கு மேல் தெரிந்தால் இரண்டு வாக்கியத்தில் விளக்கிவிட்டு நகருங்கள். முப்பதுக்குக் கீழே என்றால் பேசவிட்டுப் பயனில்லை, குருடன் குருடனுக்கு வழிகாட்டின கதையாகும். நீங்களே மறுபடி நடத்துங்கள். நடுவில் இருந்தால்தான் பேச்சு. விடையைச் சொல்லாதீர்கள், எத்தனை பேர் எதைக் காட்டினார்கள் என்பதையும் சொல்லாதீர்கள். ‘உங்கள் பெஞ்சில் வேறு விரல் காட்டியவர் இருந்தால் அவரை உங்கள் பக்கம் இழுங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். மூன்று நிமிடம். மறுபடி விரல். மொத்தம் எட்டு நிமிடம் பிடிக்கும். ஒரு மணி வகுப்பில் இரண்டு முறைக்கு மேல் செய்யாதீர்கள்.

மூன்று பேர் பெஞ்சு ஒரு குறையே இல்லை. நடுவில் இருப்பவர்தான் முதலில் பேச வேண்டும் என்று சட்டம் போடுங்கள். அவருக்கு இரண்டு பக்கமும் ஆள். செல்பேசியை எடுக்க முடியாது.

பவாய்வாசி:

நான் ஆசிரியர் இல்லை, மென்பொருள் வேலை. ஆனால் இப்படி ஒரு வகுப்பில் மாணவனாக உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளியிலேயே நிரலாக்கம் படித்து வந்தவர்கள் அரை நிமிடத்தில் விடையைச் சொல்லிவிட்டு மீதி நேரம் கிரிக்கெட் பேசினார்கள். ஒன்றும் தெரியாதவர்கள் அவர்கள் சொன்னதை நம்பிக்கொண்டார்கள். ஆசிரியருக்குச் சத்தம் கேட்டது. கற்றல் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

இன்னொன்று, பாடத்திட்டம். வாரத்துக்கு மூன்று மணி நேரம். அதில் இப்படி எட்டு எட்டு நிமிடமாகக் கொடுத்தால் கடைசி இரண்டு அலகுகளை யார் முடிப்பது? முடிக்காத பாடத்தில்தான் தேர்வுக் கேள்வி வரும். நன்றாக விளக்கிச் சொல்லக்கூடிய ஓர் ஆசிரியர் இருந்தால் இந்த வித்தையெல்லாம் எதற்கு?

லேப் நம்பர் மூன்று:

நடு அளவைப் பற்றி யாரும் பேசவில்லையே. பிராக்டிகல் பேட்ச் என்றால் 20, 22 பேர். எங்கள் லேபில் ஓடும் கணினி 14. ஆக, இரண்டு பேருக்கு ஒன்று என்பது கல்விக் கொள்கை இல்லை, கட்டாயம்.

ஒருவர் தட்டச்சு செய்ய வேண்டும், மற்றவர் பார்த்து வழி சொல்ல வேண்டும், எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும் என்பது முறை. நடப்பது வேறு: தெரிந்தவர் விசைப்பலகையை விடமாட்டார், தெரியாதவர் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பார். நான் இரண்டு காரியம் செய்தேன். குறைவாகத் தெரிந்தவர்தான் முதலில் தட்டச்சு செய்ய வேண்டும். அந்த நேரத்தில் மற்றவர் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும், வாய் மட்டும்தான். முதல் வாரம் சிரித்தார்கள். மூன்றாம் வாரம் ஒரு பையன் தன் கையைத் தானே கட்டிக்கொண்டு, ‘அந்த வரிக்குக் கடைசியில் இரட்டைப்புள்ளி, இரட்டைப்புள்ளி’ என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். தட்டச்சு செய்த பெண் தேடிப் பிடித்துப் போட்டாள். அவன் போட்டிருந்தால் அரை நொடி. அவள் அதை இனி மறக்கமாட்டாள்.

இரண்டாவது, ஜர்னலில், அதாவது செய்முறை நோட்டில், கையெழுத்துப் போடும் முன் வாய்மொழியாகக் கேட்கும் வைவா கேள்வியைக் கடைசியாகத் தட்டச்சு செய்யாதவரிடம் கேட்பேன். இது தெரிந்த நாளிலிருந்து இரண்டு பேரும் திரையைப் பார்க்கிறார்கள்.

சயான் வாத்தியார்:

பவாய்த் தம்பி, கேள்வி நியாயமானது. நன்றாக விளக்கும் ஆசிரியர் போதாதா என்று நானும் பல வருடம் நினைத்தேன். நான் நன்றாக விளக்குவதாக எண்ணம். 2014-இல் ஸ்காட் ஃப்ரீமனும் அவருடன் இருந்தவர்களும் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோற்றவர்கள் சராசரியாக நூற்றுக்கு 34. மாணவரை ஏதாவது செய்யவைத்த வகுப்புகளில் 22. எல்லா அளவு வகுப்பிலும் பலன் இருந்தது, 50 பேருக்குள் இருந்த வகுப்புகளில் அதிகம். டீச்சர் கேட்ட கேள்விக்கு இது நேரடியாகப் பொருந்தும்: பெரிய ஹாலில் பலன் குறையும், ஆனால் மறைந்துபோகாது.

நிரலாக்கத்துக்கென்றே வேண்டுமானால் லியோ போர்ட்டரும் பெத் சைமனும் மற்றொருவரும் சான் டியாகோவில் செய்த கணக்கு 2013-இல் வந்தது. மேலே நான் சொன்ன விரல் முறையைப் போன்றதுதான், அங்கே விரலுக்குப் பதில் விடையை அழுத்திக் காட்டக் கையில் ஒரு கருவி. தோல்வி 20 விழுக்காட்டிலிருந்து 7 ஆக இறங்கியது.

அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் வீட்டுக்கு அருகிலேயே, பவாயில் இருக்கும் ஐஐடி பாம்பேயில், முதலாண்டு நிரலாக்கப் பெருவகுப்பில் ‘தனியாக யோசி, இருவராகப் பேசு, எல்லோரோடும் பகிர்’ என்ற முறையைப் பத்து வாரம், 13 முறை நடத்திப் பின்னாலிருந்து கவனித்தார்கள். சராசரியாக 83 விழுக்காட்டினர் வேலையில் ஈடுபட்டிருந்தார்கள். இதுவும் 2013தான். மீதி 17 விழுக்காட்டினர் கிரிக்கெட் பேசியிருக்கலாம். விரிவுரையில் கிரிக்கெட்டை நினைத்துக்கொண்டிருப்பவர்களை யாரும் எண்ணுவதில்லை, அவ்வளவுதான்.

பாடத்திட்டம் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நான் இரண்டு அலகுகளை வீட்டில் படித்து வரச் சொன்னேன். பாதிப் பேர் படித்தார்கள்.

செம்பூர் அக்கா:

தாராவிக்கு மட்டும் சொல்கிறேன். சிலேட்டு வாங்குங்கள். பதினொன்று வாங்கினாலும் செலவு பெரிதில்லை. எழுதியதும் தரையில் குப்புற வைக்கச் சொல்லுங்கள். எல்லாரும் வைத்த பிறகு ‘ஒன்று, இரண்டு, மூன்று’ சொல்லித் திருப்பச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணைப் பார்த்து எழுத நேரமே இருக்காது. என் ட்யூஷனில் மூன்றாம் வகுப்புப் பெருக்கலுக்கு இப்படித்தான் செய்கிறேன். நிரலாக்கம் எனக்குத் தெரியாது.

பவாய்வாசி:

வாத்தியாரே, எண்களுக்கு நன்றி, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் முறையின் உயிரே அந்த நான்கு விடைகளில்தான் இருக்கிறது. தவறான விடைகள் அசட்டுத்தனமாக இருந்தால் எல்லோரும் சரியானதைக் காட்டிவிடுவார்கள், பேச ஒன்றும் இருக்காது. எனக்கு வகுப்பெடுத்தவர் தவறான விடைகளைத் தானே கற்பனை செய்துகொண்டு வந்தார். நிரலாக்கம் கைவந்தவருக்குத் தெரியாதவரின் தவறு எப்படித் தோன்றும்? நல்ல தவறுகளை எங்கிருந்து எடுப்பது?

ஹார்பர் லைன் டீச்சர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நடுவில் இன்டர்னல் தேர்வு, விடைத்தாள், வழக்கமான கூத்து.

செம்பூர் அக்கா, முதல் வேலையாகச் சிலேட்டு வாங்கினேன். முதல் முறை திருப்பியபோது பதினொரு சிலேட்டில் ஆறு வகை விடை. அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்ணே திகைத்துப்போனாள். இத்தனை நாள் பத்துப் பேர் தன்னை நம்பிக்கொண்டிருந்தது அவளுக்கும் தெரியாது.

பவாய்வாசி கேட்டாரே, நல்ல தவறுகளை எங்கிருந்து எடுப்பது என்று. அந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் விடவில்லை. பிறகு ஞாயிறு வகுப்பில் இது நடந்தது.

ஒன்றிலிருந்து ஐந்து வரை கூட்டும் நிரல். தாளில் நான்கு வரி. ரேஞ்ச்(1, 6) என்றால் 1 முதல் 5 வரை, 6 சேராது.

மொத்தம் = 0
ஃபார் எண் இன் ரேஞ்ச்(1, 6):
மொத்தம் = மொத்தம் + எண்
பிரிண்ட்(மொத்தம்)

ஃபார் வரி தனக்கு உள்ளே இருப்பதைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும், அதுதான் லூப். எந்த வரி லூப்புக்கு உள்ளே, எது வெளியே என்று காட்டுவதற்காக அட்டையில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கோட்டைத் தாண்டி வலப்பக்கம் வைத்தால் உள்ளே. ஒன்பதாவது படிக்கும் ஒரு பையன் ‘மொத்தம் = 0’ வரியை ஃபாருக்குக் கீழே, கோட்டுக்கு வலப்பக்கம் வைத்து, அதன்மேல் இரண்டு புளியங்கொட்டையையும் அழுத்தி வைத்தான். அவ்வளவு உறுதி. ஏன் அங்கே என்றேன். அவன் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு மளிகைக்கடை. ‘டீச்சர், புது நாள் கணக்கு ஆரம்பிக்கும்போது கல்லாவைக் காலி பண்ணித்தானே ஆரம்பிக்க வேண்டும்? லூப் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஆரம்பிக்கிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்’ என்றான். நான்தான் சொல்லியிருந்தேன். அந்த வாக்கியத்தைப் பதினான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை கல்லூரி ஹாலில் அந்தப் பையன் அடுக்கியபடியே பலகையில் எழுதினேன். பிரிண்ட் வெளியே, பூஜ்யம் உள்ளே. என்ன அச்சாகும்? ஒன்று: 15. இரண்டு: 5. மூன்று: 0. நான்கு: 1, 3, 6, 10, 15 என்று ஐந்து வரி. நான்காவது விடையும் தாராவியில் கிடைத்ததுதான்; பிரிண்டை உள்ளே வைத்த ஒரு சிறுமியுடையது.

ஒரு நிமிட மௌனம், நெஞ்சருகே விரல். மூன்று பகுதியாகப் பார்த்தேன். பெரும்பாலும் ஒரு விரல். இரண்டு விரல் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம், முப்பதைத் தாண்டிவிட்டது என்று ஒரு துணிச்சலில் பேசவிட்டேன். நடுவில் இருப்பவர் முதலில் பேச வேண்டும் என்ற சட்டம் நன்றாக வேலை செய்கிறது, வாத்தியார் சார்.

மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி மராட்டியில் பேசிக்கொண்டிருந்தாள். தாளில் ஐந்து கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் பூஜ்யம், பிறகு 1, அடுத்ததில் பூஜ்யம், பிறகு 2 என்று எழுதி அடித்து எழுதி அடித்துக் கடைசிக் கட்டத்தில் 5-ஐ மட்டும் வட்டமிட்டாள். பக்கத்தில் இருந்தவன், ‘அப்படியானால் முன்னால் கூட்டியதெல்லாம் எங்கே போனது?’ என்று உண்மையாகவே வருத்தத்தோடு கேட்டான். இரண்டாம் முறை விரல் பார்த்தபோது ஹால் முழுக்க இரண்டு விரலாகத் தெரிந்தது. அங்கங்கே ஒற்றை விரல், பிடிவாதக்காரர்கள்.

விளக்கும்போது கல்லாக் கதையைச் சொன்னேன். நாள் முழுக்க விற்றுவிட்டு, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கு முன்பும் கல்லாவைக் கொட்டிவிட்டால் இரவில் கடைசி ஆள் கொடுத்த காசுதான் இருக்கும். ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் தடுமாறிக் ‘கல்லா’ என்றே சொல்லிவிட்டேன். மராட்டியிலும் இந்தியிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். ஹால் முழுக்கப் புரிந்து சிரித்தது. துறைத் தலைவர் மறுபடி வாசலில் நின்றார். இந்த முறை பலகையைப் பார்த்தார், விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார், போய்விட்டார். அவர் எந்த விடைக்கு வந்தார் என்று நான் கேட்கவில்லை.

எல்லாம் இப்படி நடந்தது என்று நினைக்காதீர்கள். அடுத்த கேள்வியில் சரங்களை (எழுத்துத் தொடர்களை) வைத்து ஒன்று கேட்டேன், எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எட்டு நிமிடம் வீண். அது நான் வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்த தவறு. பாடத்திட்டத்தில் ஒரு வாரம் பின்தங்கியிருக்கிறேன், அதுவும் உண்மை.

இப்போது ஞாயிறு வகுப்பில் நோட்டுக்குத்தான் முதல் வேலை. பையனிடம் அவன் தவறு கல்லூரிக்குப் போனதைச் சொன்னேன். 130 பேரில் எத்தனை பேர் தப்பாகச் சொன்னார்கள் என்று கேட்டான். பாதிக்கு மேல் என்றேன். அன்று முழுக்க அவன் தரையில் உட்காரவில்லை, நின்றுகொண்டேதான் அடுக்கினான்.

லேப் நம்பர் மூன்று, மேசைக்கு அடியில் கை வைக்கும் முறையை அடுத்த பிராக்டிகலில் செய்து பார்க்கப்போகிறேன். பேட்ச் 21 பேர் என்றால் ஒற்றைப்படை வருகிறதே, அந்த ஒருவரை என்ன செய்கிறீர்கள்?

லேப் நம்பர் மூன்று:

மூன்று பேராக வையுங்கள். மூன்றாமவர் கையில் பென்சிலும் தாளும் கொடுங்கள்; மாறிகளின் (‘மொத்தம்’, ‘எண்’ போன்ற பெயர்களின்) மதிப்பை வரிவரியாக அவர் எழுதிக்கொண்டே வர வேண்டும், உங்கள் மராட்டி மாணவி கட்டம் போட்டது போல. தனியாக உட்காரவைக்காதீர்கள், தூங்கிவிடுவார்கள்.

பவாய்வாசி:

டீச்சர், அந்தப் பூஜ்யக் கேள்வியை இன்று மதியம் சாப்பாட்டு மேசையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த நான்கு பேரிடம் கேட்டேன். இரண்டு பேர் 15 என்றார்கள். மற்ற இருவரும் அவர்களோடு வாதாடியதில் என் தயிர்சாதம் காய்ந்துவிட்டது. நோட்டின் அடுத்த பக்கத்தை இங்கே போடுங்கள்.